மாடக்கண்ணுவின் நிழல் போர்ட்டிகோ ஏறிய கதை

அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஆறாவது நாள், வடக்குச்செவல் ஊரில், தனுஷ்கோடி முதலாளியின் அரக்குச் சிவப்புக் காருக்குப் பாலிஷ் போட்டு முடித்துவிட்டு மாடக்கண்ணு நிமிர்ந்தபோது, அவனுடைய நிழல் அவனோடு நிமிரவில்லை. அது குனிந்தபடியே பானெட்டின் மேல் கிடந்தது, வலது கையில் துணியோடு, இடது கையை ஊன்றிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. மாடக்கண்ணு இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தான், வரவில்லை; வலப்பக்கம் போய் நின்று பார்த்தான், வரவில்லை; ஒருதரம் கையைக்கூடத் தட்டிப் பார்த்தான். கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வண்டியில கறைய விட்டுட்ட?" என்று கேட்டான். அதைப் பற்றி அந்த ஊரில் பேசப்பட்ட முதல் பேச்சு அதுதான்.

மாடக்கண்ணுவுக்கு நாற்பது வயது. மதுரையில் ஒரு பட்டறையில் பத்து வருஷம் இருந்து பாலிஷ் வேலை கற்றுக்கொண்டு வந்தவன். ஊருக்குக் கிழக்கே, அவன் ஆட்கள் குடியிருக்கிற தெருவின் முகப்பில், புளியமரத்தடியில் தகரம் போட்டு ஒரு கொட்டகை வைத்திருந்தான். டாக்டர் கார், கல்யாணக் கார், புதுசாக வாங்கிய பழைய கார் எல்லாவற்றுக்கும் சுற்றுப்பட்டில் அவன் ஒருத்தன்தான் ஆள். அவன் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புறங்கையை பானெட்டில் வைத்து ஒன்று, இரண்டு என்று பத்து எண்ணுவான். பத்து வரைக்கும் கை தாங்கினால்தான் பேஸ்ட் டப்பாவைத் திறப்பான். தாங்கவில்லை என்றால் வண்டி மந்திரியுடையதாக இருந்தாலும் நிழலில் ஆறட்டும் என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சுடுகிற பெயிண்டில் பேஸ்டை வைத்தால் தேய்க்கிறதற்கு முன்னாலேயே அது காய்ந்து பொருக்காகிவிடும், பிறகு தேய்க்கத் தேய்க்க வெள்ளை பூக்கும், பெற்ற தாய் வந்து தேய்த்தாலும் போகாது.

தனுஷ்கோடி முதலாளிக்குப் பருத்தி அரைக்கிற ஜின்னிங் மில் இருந்தது. நல்லவர். இது கிண்டலுக்குச் சொல்வதில்லை, ஊரே அப்படித்தான் சொல்லும். யாரையும் வாடா போடா என்று கூப்பிடமாட்டார், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், தீபாவளிக்குக் கிழக்குத் தெருவுக்கு வேட்டி சேலை கொடுத்துவிடுவார், அதுவும் நல்ல துணியாகத்தான் இருக்கும். அவர் வீட்டு முன்னால் ஒரு போர்ட்டிகோ. நான்கு தூண், தரையில் வெள்ளைச் சலவைக்கல், மேலே ஒரு மின்விசிறி. உள்ளே வந்து நின்றால் பங்குனி வெயிலில்கூட மார்கழி. போர்ட்டிகோவுக்கு வெளியே சிமெண்ட் போட்ட முற்றம். முற்றத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது, காக்கா காரின் மேல் எச்சம் போடுகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு முதலாளியின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து அவர்களை அழைத்துவரப் போகிற கார் பளபளவென்று இருக்க வேண்டும். மாடக்கண்ணுவுக்குச் சொல்லியனுப்பினபோது மணி பத்தரை ஆகிவிட்டது.

"முதலாளி, வண்டி போர்ட்டிகோவுலயே நிக்கட்டும். நான் அங்கன வச்சே போட்டுருதேன். வெயில்ல போட்டா பெயிண்ட் பாழாப் போயிரும்" என்றான் மாடக்கண்ணு.

முதலாளி வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "அதுக்கில்ல மாடக்கண்ணு. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் அதெல்லாம் பாக்குற ஆளா, நீயே சொல்லு. வீட்ல ஒரு மாதிரி நினைப்பாக."

கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்து அவருடைய மனைவி ஆவுடையம்மாள், "எனக்கு என்ன வந்துச்சு? எனக்கும் ஒண்ணும் இல்ல. சொந்தக்காரங்க வர்ற நேரம், நாளைக்கு ஒரு பேச்சாயிரக் கூடாதுல்ல" என்றாள்.

"அப்ப நம்ம கொட்டகைக்குக் கொண்டுவந்துரட்டுமா? தகரம் போட்டிருக்கு, மரம் இருக்கு."

"பொண்ணு பாக்குற அன்னைக்குக் கார் உங்க தெருவுல போய் நின்னா பாக்குறவன் என்ன சொல்லுவான்? நீயே சொல்லு" என்றார் முதலாளி. ஒவ்வொன்றுக்கும் அவனையே சொல்லச் சொல்வது அவருடைய வழக்கம்.

அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. வாட்ச்மேனுக்கு ஒன்றும் இல்லை, சமையல்காரிக்கு ஒன்றும் இல்லை, சொந்தக்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் டிரைவர் வந்து காரைப் போர்ட்டிகோவிலிருந்து பின்னால் எடுத்து, முற்றத்தில், நட்டநடு வெயிலில், வெட்டின வேப்பமரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். மாடக்கண்ணு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனபோது, வாசற்படியில் நின்றிருந்த ஆவுடையம்மாள், எட்டடி தூரத்தில் போகிறவனுக்காகத் தன் சேலைத் தலைப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். தெரிந்து செய்ததாகச் சொல்ல முடியாது, அவள் கை தானாகச் செய்தது.

மாடக்கண்ணு புறங்கையை வைத்துப் பார்த்தான். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டான். கெட்ட வார்த்தை ஒன்றை வாய்க்குள் சொல்லிக்கொண்டான். பிறகுதான் அவனுக்கு அந்த வழி தோன்றியது. அந்த முற்றத்தில் நிழல் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், அது அவனுடையது. அவன் காரின் மேல் குனிந்தான். நிழல் ஒரு துண்டு அகலத்துக்குப் பெயிண்டில் விழுந்தது. விழுந்த இடத்தில் ஈரத்துணியைப் போட்டு ஆறவைத்து, ஆறினதும் துணியை எடுத்துவிட்டு பேஸ்டை வைத்து, நிழலின் ஓரத்தைத் தாண்டாமல் வட்டவட்டமாகத் தேய்த்து, துடைத்து, பிறகு ஒரு சாண் நகர்ந்து, நிழலையும் ஒரு சாண் நகர்த்தி, மறுபடி ஆறவைத்து, மறுபடி தேய்த்து, இப்படி டிக்கியில் தொடங்கிக் கதவு கதவாக, சாண் சாணாக, முதலாளியின் கார் முழுவதையும் தன் நிழலுக்குள் வைத்தே தேய்த்துக்கொண்டு வந்தான். பொழுது ஏற ஏற நிழல் சிறுத்தது. சிறுக்கச் சிறுக்க அவன் இன்னும் குனிந்தான். கடைசியில் பானெட்டுக்கு வந்தபோது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது, அவன் நெஞ்சு தகரத்தில் படுகிற அளவுக்குக் கவிழ்ந்துகொண்டு, முதுகு வேக, வேர்வை பெயிண்டில் சொட்டிவிடாமல் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, தன் நிழலையும் சேர்த்து பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியாமலே தேய்த்தான்.

கறை விட்டதற்காக அவனை யாரும் அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. டிரைவர் சோப்புத்தூள் போட்டுப் பார்த்தான், சமையல்காரி புளியைக் கரைத்து ஊற்றினாள், ஆவுடையம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சள் தண்ணி தெளித்தாள். நிழல் அப்படியேதான் இருந்தது. மணி இரண்டாகிவிட்டதால் காரைப் போர்ட்டிகோவுக்குள் விட்டுவிட்டு வேறு வண்டி பிடித்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் கனத்த உடம்புக்காரர். வெயிலில் வந்து இறங்கினவர் மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறது என்று பக்கத்திலிருந்த கார் மேல் சாய்ந்தார். அவர் கை நிழல் கிடந்த இடத்தில் பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பானைத் தண்ணிக்குள்ள கைய விட்ட மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கே நிச்சயம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைக் கறை என்று சொல்லவில்லை.

மாடக்கண்ணு அப்போது தன் கொட்டகையில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்து வெகுநேரம் ஆகியும் வெயில் அவனைவிட்டு இறங்கவில்லை. புளியமரத்து நிழல் தரையில் விழுந்தது, வாளியில் விழுந்தது, நாயின் மேல் விழுந்தது, அவன் மேல் மட்டும் விழவில்லை. தகரத்துக்கு அடியில் போனான், தகரம் இல்லாததுபோல வெயில் அடித்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான், கூரை இல்லாததுபோல அடித்தது. தன் நிழலை இழந்தவனுக்கு வேறு நிழல் எதுவும் ஒட்டாது என்பது அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. பொழுது அடைந்த பிறகுதான் உடம்பு ஆறியது. மறுநாள் பொழுது விடிந்ததும் மறுபடி தொடங்கியது. மூன்றாம் நாள் தோள் இரண்டும் உரிந்துவிட்டது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், காலடியைக் குனிந்து பார்த்தார், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு கொடுத்தார். "வெயில்ல போகாதீங்க. இன்னொரு அக்கினி நட்சத்திரம் உங்க உடம்பு தாங்காது" என்றார். நிழல் எங்கே என்று கேட்கவில்லை. கேஸ் எழுதுகிற சீட்டில் அதற்கு இடம் இல்லை.

அவன் மனைவி சீனியம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவள். நான்காம் நாள் மத்தியானம் அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்து, வாசலில் நின்றபடி குனிந்து தூக்குவாளியை நீட்டினாள். அவளுடைய நிழல் அவன் மேல் விழுந்தது, விழுந்த இடத்தில் உடம்பு ஆறியது.

"ஏ சீனி, நகராத. அப்படியே நில்லு" என்றான்.

"என்னத்துக்கு?"

"நில்லுன்னா நில்லேன்."

நின்றாள். அவன் கஞ்சியைக் குடிக்கவில்லை, சின்னப்பிள்ளைபோலத் தேம்பித் தேம்பி அழுதான். மரத்தின் நிழல் ஒட்டவில்லை, தகரத்தின் நிழல் ஒட்டவில்லை, அவள் நிழல் ஒட்டியது. ஏன் என்று கேட்டால் இந்தக் கதை சொல்கிறவர்களுக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து சீனியம்மாள் தீப்பெட்டி ஆபீசை விட்டுவிட்டாள். அங்கே கூரை இருக்கிறது. கூரைக்கு அடியில் இருக்கிறவளுக்கு நிழல் விழாது. அவள் மிளகாய்க்காட்டு வேலைக்குப் போனாள், நூறு நாள் வேலைக்குப் போனாள், எங்கே வெயில் கொளுத்துகிறதோ அந்த வேலையாகப் பார்த்துப் போனாள். அவள் களை வெட்டுகிற பக்கமெல்லாம் அவளுடைய நிழலுக்குள் ஒடுங்கிக்கொண்டு அவனும் நகர்ந்து நகர்ந்து களை வெட்டினான். காலையில் மேற்கே ஊரைப் பார்க்கப் போகும்போது வெயில் முதுகுப்பக்கம், சாயங்காலம் கிழக்கே வீட்டுக்குத் திரும்பும்போதும் வெயில் முதுகுப்பக்கம். அதனால் இரண்டு நேரமும் அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால் நடந்து தன் நிழலை அவன் மேல் போட்டுக்கொண்டே வந்தாள். புருஷனுக்குப் பின்னால் எவ்வளவு அடக்கமாக நடக்கிறாள் என்று மெயின் ரோட்டுப் பெண்கள் அவளை மெச்சினார்கள்.

ஊர் அந்த நிழலோடு பழகிக்கொண்டது. முதலில் ஆவுடையம்மாள் உறைமோரை பானெட்டில் வைத்தாள், மூன்று நாளானாலும் புளிக்கவில்லை. பூக்காரி விற்காத மல்லிகைச் சரத்தை அதில் வைத்துவிட்டுப் போய் மறுநாள் மொட்டாகவே எடுத்துக்கொண்டு போனாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கரண்ட் இல்லாத நாட்களில் தன் இன்சுலின் ஊசி மருந்தை நிழலின் நெஞ்சுப் பகுதியில் வைத்துக்கொண்டார், அங்கேதான் அதிகக் குளிர்ச்சி என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். வேர்க்குரு வந்த கைக்குழந்தைகளைத் துணி விரித்துக் கிடத்தினார்கள். பத்துமணி வெயிலுக்குப் பிறகு அந்தப் போர்ட்டிகோவில் உட்கார இடம் கிடைக்காது. காருக்குத் தகுதிச் சான்று கொடுக்க வந்த அதிகாரி, நிறம் மாறியிருந்தால் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும் என்றார். பிறகு நிழல் என்பது நிறமா இல்லையா என்று தன் மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டார். பதில் வருகிறவரைக்கும் தானும் அதில் சாய்ந்துகொண்டிருந்தார். இது யாருடைய நிழல் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்டால், "நிழல்ல என்னங்க இருக்கு, இந்தக் காலத்துல போய்" என்றார்கள். அவர்களுக்கும் ஒன்றும் இல்லை.

மற்ற கார்க்காரர்களுக்கும் ஆசை வந்தது. இரும்புக்கடை சொக்கலிங்கம் தன் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு, வெயிலில் காரை நிறுத்தி பாலிஷ் போடச் சொன்னார். அவன் பாதியில் தாகமெடுத்து வீட்டுக்குள் போனான், தண்ணீர் குடித்தான், ஃபேனுக்கு அடியில் படுத்தான், பெரியம்மா கொடுத்த பலகாரத்தைத் தின்றுவிட்டு ஐந்து மணிக்கு வந்தான். எதுவும் ஒட்டவில்லை. உள்ளே போக இடமிருக்கிறவனுடைய நிழல் ஒட்டாது என்பதைப் புரிந்துகொண்டு அவர் கிழக்குத் தெருவிலிருந்து எசக்கிமுத்துவைக் கூப்பிட்டார். எசக்கிமுத்து விவரமான ஆள். அவன் ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுபோய் விரித்துக் கட்டிவைத்துக்கொண்டு, குடை நிழலிலேயே வேலையை முடித்தான். சொக்கலிங்கத்தின் காரில் இன்றைக்கும் ஒரு குடையின் நிழல் இருக்கிறது, கைப்பிடி வளைவுகூடத் தெரியும். அந்தக் குடையைத்தான் அப்புறம் விரித்துப் பிரயோசனமில்லை, வெயில் அப்படியே உள்ளே வந்தது. கிழக்குத் தெருவில் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரித்தார்கள். மாடக்கண்ணுவும் சிரித்தான், அவனுக்கு மட்டும் சிரித்து முடித்ததும் நெஞ்சு எரிந்தது.

வெயிலில் இறங்கின கறையை மறுபடி வெயிலில் வைத்துத்தான் கிளப்ப வேண்டும் என்பது அவன் தொழிலில் தெரிந்த விஷயம். காரை உச்சி வெயிலில் கொண்டுவந்து நிறுத்தி, அதே துணியோடு அதே இடத்தில் அதே மாதிரி குனிந்தால், நிழல் அவனைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடும். ஆனால் கார் போர்ட்டிகோவைவிட்டு இறங்குவதே இல்லை. முதலாளி வேறு கார் வாங்கிக்கொண்டார். மாடக்கண்ணு நாலு தடவை போய்க் கேட்டான், நாலு தடவையும் முற்றத்து வெயிலில் நின்றுதான் கேட்டான், சீனியம்மாள் பின்னால் நின்று நிழல் போட்டாள்.

"ஒரு பத்து நிமிசம் வண்டிய வெளிய எடுத்தாப் போதும் முதலாளி. ஒரு வருசமா வெந்து சாகுதேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல மாடக்கண்ணு. ஆனா இப்ப அது நம்ம வீட்டு விஷயமா மட்டும் இல்லையே, ஊருக்கே பொதுவாயிருச்சு. குழந்தைகுட்டி வந்து படுக்குது, வாத்தியார் மருந்து இருக்கு. அத்தனையையும் தூக்கி வெயில்ல வைக்கச் சொல்லுதியா? நீயே சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, நிஜமான பிரியத்தோடுதான் சொன்னார்: "உன் நிழல் எங்க வீட்டு சலவைக்கல்லுல இருக்கு. உங்கப்பன் காலத்துல நடக்குமா இது? உனக்குப் பெருமைதானப்பா?"

போர்ட்டிகோவில் தன் நிழலின் முதுகில் யாரோ மோர்ச்சட்டியை வைத்திருப்பதை மாடக்கண்ணு முற்றத்தில் நின்றபடியே பார்த்தான். அதன் தோளைத் தொடக்கூட முடியாமல் திரும்பி வந்தான். பஞ்சாயத்துத் தலைவரிடம் போனதற்கு அவர், "நிழலுக்குப் பட்டா வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டதற்குத் தானே சிரித்தார்.

வருஷம் திரும்புகிற நேரத்தில் சீனியம்மாளின் நிழல் வெளுக்கத் தொடங்கியது. இரண்டு பேருக்கு ஒன்றாக உழைத்து உழைத்து, பலதடவை துவைத்த சேலை மாதிரி அதன் ஊடே தரை தெரிந்தது. அவள் கழுத்திலும் முதுகிலும் கொப்புளம் போட ஆரம்பித்தது. அவள் அதை அவனிடம் சொல்லவில்லை, அவன் பார்த்துவிட்டான். அன்றைக்கு அவன் அவளுக்கு முன்னால் நடக்க மாட்டேன் என்றான். அவள் அவனைப் பிடித்து முன்னால் தள்ளினாள். இன்னும் பத்து நாளில் அக்கினி நட்சத்திரம். அதற்குள் நிழல் திரும்பி வராவிட்டால், முதலில் அவன், அவனைத் தொடர்ந்து அவள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் சித்திரைத் திருவிழாக் கமிட்டி கூடியது. அம்மனை உச்சி வெயிலில் ஊர்வலம் கொண்டுபோவது அந்த ஊர் முறை. எத்தனையோ காலமாக அம்மன் வெயிலில்தான் போய்க்கொண்டிருந்தாள், யாருக்கும் அது தோன்றவில்லை. இந்த வருஷம் தோன்றியது. ஊரில் இவ்வளவு குளிர்ந்த நிழல் ஒன்று இருக்கும்போது அம்மன் ஏன் வேக வேண்டும் என்று கமிட்டித் தலைவர் தனுஷ்கோடி முதலாளியே எழுந்து கேட்டார். பானெட்டில் பலகை கட்டி, நிழலின் நடுமுதுகில் அம்மனை எழுந்தருளச் செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. மாடக்கண்ணுவின் முதுகில் அம்மன் உட்காருவதில் யாருக்கும் ஒன்றும் இல்லை.

செய்தி கேட்டதும் சீனியம்மாள் கொட்டகைக்குள் போய், அன்றைக்கு அவன் பாலிஷ் போட்ட, ஒரு வருஷமாக டப்பாவுக்குள் கிடந்த பனியன் துணியை எடுத்து, துவைக்காமல், உதறி, அவன் கையில் கொடுத்தாள். "வண்டி வெயிலுக்கு வருதுய்யா" என்றாள்.

கிழக்குத் தெருவுக்குள் ஊர்வலம் வராது, தெரு முக்கு வரைக்கும் வந்து திரும்பிவிடும். முக்கில் கயிறு கட்டியிருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மேளத்தோடு கார் வந்து நின்றது. சுற்றிலும் தார் உருகியது, அம்மன் மட்டும் அவன் நிழலின் மேல் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தாள். மாடக்கண்ணு கயிற்றைத் தூக்கி நுழைந்தான். கமிட்டி பேட்ஜ் குத்தின வாட்டசாட்டமான ஆள் ஒருவன் குறுக்கே வந்தான்.

"ஏய், எங்க வாற? தள்ளு தள்ளு. சாமி மேல நிழல் விழாம நில்லு."

மாடக்கண்ணு கையை விரித்தான். "எங்கிட்ட ஏதுய்யா நிழலு?"

அந்த ஆள் அவன் காலடியைப் பார்த்தான். தரையில் ஒன்றும் இல்லை. மேலே வெயிலைப் பார்த்தான், மறுபடி கீழே பார்த்தான். விழாத நிழலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கமிட்டியில் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அவன் யோசித்துக்கொண்டே ஒதுங்கி நின்றான். பின்னால் வந்த சீனியம்மாளை மட்டும் பிடித்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளினான், அவளுக்கு வெளுத்ததென்றாலும் ஒன்று இருந்தது.

மாடக்கண்ணு காரை நெருங்கினான். புறங்கையை பானெட்டின் ஓரத்தில் வைத்துப் பழக்கத்தில் எண்ணினான், மூன்றில் கை வெந்தது. இடது கையை ஊன்றினான், வலது கையில் துணியைப் பிடித்தான், தலையைத் தொங்கப்போட்டான், நெஞ்சு தகரத்தைத் தொடக் கவிழ்ந்தான். "வந்துரு" என்றான். "வா, வீட்டுக்குப் போவோம்."

நிழல் அசைந்தது. முக்கில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அது முதலில் தன் வலது கையை இழுத்துக்கொண்டது. பிறகு, எட்டடி தூரத்தில் யாரோ வாளியோடு போகும்போது சேலைத் தலைப்பை ஒதுக்கிப் பிடிப்பதுபோல, தன் ஓரங்களை ஒதுக்கி ஒடுக்கிக்கொண்டது. அம்மனுக்கு அடியிலிருந்து நழுவி, அவன் விரல் தன் மேல் பட்டுவிடாதபடி பின்வாங்கி, முன் கண்ணாடியில் ஏறி, காரின் கூரைக்குப் போய் நின்றது. ஒரு வருஷம் அந்தப் போர்ட்டிகோவில் இருந்த நிழல் அந்த வீட்டுப் பழக்கத்தைப் படித்திருந்தது.

அம்மன் மேல் வெயில் பட்டது. கூட்டம் கத்தியது, நாலு பேர் மாடக்கண்ணுவை இழுத்துக் கயிற்றுக்கு வெளியே விட்டார்கள். அவன் நகர்ந்ததும் நிழல் இறங்கி வந்து பழைய இடத்தில் குனிந்துகொண்டது. கூட்டத்தில் ஒரு அம்மாள், "பாத்தியா, நிழலுக்கே தெரியுது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தனுஷ்கோடி முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தார், முகத்தில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல மாடக்கண்ணு. அதுக்கே இஷ்டமில்லன்னா நான் என்ன செய்ய முடியும், நீயே சொல்லு."

மேளம் திரும்பிப் போனது, கார் போனது, கூட்டம் அதன் பின்னால் போனது. முக்கில் மாடக்கண்ணுவும் சீனியம்மாளும்தான் நின்றார்கள். உச்சிப்பொழுது, அவளுடைய நிழல் அவள் காலடியிலேயே ஒரு சாண் அளவுக்குக் கிடந்தது, இரண்டு பேருக்குக் காணாது. அவள் அவனைத் தரையில் உட்காரவைத்து, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து அவன்மேல் குனிந்துகொண்டு நின்றாள்.

"கொஞ்சம் பொறுய்யா. பொழுது சாயட்டும், நிழலு நீளும். அப்புறம் போவோம்."

அவன் தன் கைமேல் விழுந்த நிழலைப் பார்த்தான். அதன் வழியாகக் கை மயிர்கூடத் தெரிந்தது.

"ஏ சீனி, உன் நிழலு ரொம்ப வெளுத்துப்போச்சு."

"வெளுக்கட்டும்" என்றாள் அவள். "ஒதுங்காதுல்ல."